மூணு பேஸ் மோட்டார்

தச்சருக்கு வலது தோள் கெட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. இழைப்புளியை நாலு தள்ளு தள்ளினால் கை மரத்துப்போகும். ஒரு விடுதிக்கு இருபது கதவு செய்து தருவதாக மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கெடு பத்தே நாள். இந்த வேலையும் கைநழுவினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதனால், தொழிலை விடப்போகும் நாற்காலி வியாபாரி ஒருவர் தன் பழைய மெஷினை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், மனைவியோடு ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றார்.

ஒரே இரும்பு மேசையில் இழைக்கலாம், அறுக்கலாம், துளை போடலாம். வியாபாரி ஒரு கரடுமுரடான பலகையை உள்ளே விட்டார். மறுபக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. தச்சர் அதைத் தடவிப் பார்த்தவர்தான், பேரம்கூடப் பேசவில்லை.

"நம்ம கடைக் கரண்ட்ல இது ஓடுமாங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"கரண்ட்னா கரண்டுதான். சும்மா இரு."

ஐந்து பேர் மூச்சுமுட்ட மெஷினைக் கடைக்குள் இறக்கினார்கள். 'ஃப்யூஸ்' என்று தெருவே கூப்பிடும் எலக்ட்ரீசியன் வந்து மோட்டாரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அது மூணு பேஸ் மோட்டார். கடைக்கு வருவதோ சிங்கிள் பேஸ் கரண்ட், அதில் இது ஓடாது. புது இணைப்புக்கு மாதம் ஒன்றாகும், பொருந்துகிற வேறு மோட்டார் தேடினாலும் பத்து நாளில் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தச்சர் வெறி பிடித்தவர்போல இழைப்புளியை எடுத்தார். மூன்றாவது தள்ளில் அது கீழே விழுந்தது. அவரும் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதே கேட்டேனே என்று அவள் சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தேவலை, அவள் சொல்லவில்லை.

"அந்த ஆளுகிட்ட போவோம்" என்றாள்.

"வித்ததை எவன் திரும்ப வாங்குவான்?"

"வாங்க வேணாம். அங்க கரண்ட் இருக்குல்ல?"

வியாபாரி தன் கொட்டகையை ஏழாம் நாள் காலி செய்து கொடுக்க வேண்டுமாம். அதுவரை மெஷினை அங்கேயே வைத்து ஓட்டிக்கொள்ளத் தச்சர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "எங்க வச்சு ஓட்டப்போறீங்கன்னு நானும் கேட்டிருக்கணும்" என்று வியாபாரி சாவியை நீட்டினார்.

மெஷின் வந்த வழியே திரும்பிப் போனது. அவள் பலகையைத் தள்ளினாள், அவர் மறுபக்கம் இடது கையால் இழுத்தார். விரல் பத்திரம், விரல் பத்திரம் என்று நாளெல்லாம் ஓதினார்.

"கல்யாணமான நாள்லேருந்து என் விரலை இத்தனை தடவை நீங்க பாத்ததில்ல" என்றாள் அவள். அந்த வாரத்தில் இருவரும் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கெடு முடிந்தபோது பதினாலு கதவுதான் தேறியது. மேஸ்திரி அதை எடுத்துக்கொண்டு, மீதியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வேலை வந்தால் சொல்வதாகச் சொன்னார், முகத்தைப் பார்க்காமல்.

மெஷின் மறுபடி கடைக்கு வந்து சும்மா நின்றது. மறுநாள் காலை மூணு பேஸ் இணைப்புக்கு மனு கொடுக்க மின்வாரிய அலுவலகத்தில் இருவரும் வரிசையில் நின்றார்கள். கையெழுத்துப் போடத் தச்சரின் கை மேசைக்கு எழும்பவில்லை. அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள், அவர் எழுதினார்.