இருபதாம் நாள்

குளிர்பெட்டிக்காரர் சுவரோரம் குனிந்து, அங்கே ஏற்கெனவே செருகியிருந்த பிளக்கை என்ன ஏது என்று கேட்காமல் பிடுங்கினார். மூலையில் இருந்த மரப்பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் வெளிச்சம் அணைந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. சாவு விழுந்த வீட்டின் முன்னறையில், பட்டப்பகலில், ஒரு பெட்டிக்குள் பல்பு ஏன் எரிகிறது என்று யார் யோசிப்பார்கள்? உடலை வைக்கப்போகும் தன்னுடைய பெட்டியின் பளுவைத் தாங்கக்கூடிய பிளக் பாயிண்ட் அந்த வீட்டில் அது ஒன்றுதான் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“பையன் எப்ப வர்றாரு?”

“நாலு மணி ஆயிடும்,” என்றான் இறந்தவரின் தம்பி.

“அப்ப பெட்டி கண்டிப்பா வேணும். வெயில் இப்பவே எப்படி அடிக்குது பாருங்க. இந்த மரப்பெட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க சார்.”

தம்பி அதைத் தூக்கினான். எந்த வேலையையும் அவசர அவசரமாகச் செய்து அரைகுறையாக முடிப்பவன் என்று அண்ணனிடம் பெயர் வாங்கியவன். உள்ளறைக்குக் கொண்டுபோகும்போது பெட்டியின் ஒரு முனை கதவு நிலையில் நன்றாகவே இடித்தது.

கட்டிலருகே கணவரின் காலடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பார்த்து எடுப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அழுதுவிடு, அழுதுவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழுகையும் வரவில்லை. அந்த மரப்பெட்டிக்குள் ஒன்பது கோழிமுட்டைகள் இருந்தன. இன்று இருபதாம் நாள். அவள் மனம் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

அவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த நிலத்தைக் கொத்த ஆரம்பித்தார். ஸ்டியரிங் பிடித்த கைக்கு மண்வெட்டி பிடிபட இரண்டு வருஷம் ஆனது. கோழி எருவை மக்கவிடாமல் அப்படியே போட்டு அவரைச் செடிகளைக் கருகவிட்டார். ஆட்டைக் கட்டிய கயிற்றின் நீளத்தை அளக்காமல் பப்பாளிக் கன்றுகளைப் பறிகொடுத்தார். ஒரு பாக்கெட் சுரை விதையை மிச்சம் வைக்காமல் ஊன்றிவிட்டதில் இரண்டு மாதம் வீட்டில் மூன்று வேளையும் சுரைக்காய்தான். கையில் ஒன்றைத் திணித்துவிடுவார் என்று பயந்து தெருக்காரர்கள் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வது ஒன்றுதான்: “போனாப் போகட்டும். தெரிஞ்சுக்கிட்டோம்ல.”

“இன்னும் எவ்வளவுதான் தெரிஞ்சுக்கணும்?” என்பாள் அவள். அவள் தையல்காரி. வெட்டுவதற்கு முன்னால் இரண்டு தடவை அளப்பவள். வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆளோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை.

முட்டைப் பெட்டியும் அவரே செய்ததுதான். பழைய மரப்பெட்டி, உள்ளே தெர்மாகோல், ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு வெப்பமானி. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். திருப்பியாயிற்றா இல்லையா என்று தெரிவதற்கு. முதல் தடவை கடைசி நாள் வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தார். பதினெட்டாம் நாளோடு நிறுத்தியிருக்க வேண்டுமாம். ஒரே ஒரு குஞ்சுதான் ஓட்டில் துளை போட்டது. போட்டுவிட்டு அசையாமல் கிடந்தது. பாவம், முடியவில்லை போலிருக்கிறது என்று இவரே நகத்தால் ஓட்டை உரித்து அதை வெளியே எடுத்தார். ரத்தம் கசிந்து அரைமணியில் செத்துப்போனது. துளை போட்ட குஞ்சு ஓய்வெடுக்கும், ஒரு நாள்கூட ஆகும், அதுவரை கை வைக்கக் கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தெரிஞ்சுக்கிட்டோம்ல என்று சொல்லவுமில்லை.

இரண்டாம் தடவை கிண்ணத்தில் தண்ணீர் வற்றி ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மூன்றாம் தடவை முட்டைகளை அடுக்கும்போது, “இதுவும் ஆகலைன்னா பெட்டியை அடுப்புல வெச்சிடு,” என்றார்.

“வெச்சிடுவேன்,” என்றாள் அவள்.

இன்று காலை ஏழு மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவர் எருக்குழி ஓரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மண்புழுக்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு அப்படி அரைமணி நேரம் உட்காருவது அவர் வழக்கம். “உக்காந்தது போதும், எழுந்து வாங்க, காபி ஆறிப்போகுது,” என்று கத்தினாள். மீதிப் பாத்திரங்களையும் கழுவினாள். பத்து நிமிஷம் கழித்து ஈரக்கையோடு திட்டிக்கொண்டே போனாள். டாக்டர் வந்து கேட்டபோது, “நான் போய்ப் பார்க்கும்போதே இப்படித்தான்,” என்றாள். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி மரப்பெட்டியை உள்ளறைப் பிளக்கில் மாட்டினான். எரியவில்லை. பல்பைக் கழற்றிக் காதோரம் ஆட்டினான். உள்ளே கம்பி கிலுகிலுத்தது.

“பல்பு போயிடுச்சு அண்ணி. வாங்கிட்டு வரச் சொல்றேன்.”

அரைமணியில் வந்தது எல்.இ.டி. பல்பு. வெள்ளை வெளேரென்று எரிந்தது. அவள் எழுந்து போய்ப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

“இதுல வெளிச்சம்தான் வரும். சூடு வராது. குண்டு பல்பு வேணும்.”

காலையிலிருந்து அவள் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

“அதை இப்ப யாரு அண்ணி விக்கிறா?”

அவன் சொன்னது நிஜம். அவரே கடை கடையாக ஏறி இறங்கி மூன்றுதான் வாங்கி வந்திருந்தார். உடைந்தது மூன்றாவது.

“இன்னிக்கு இது வேணாமே அண்ணி. போனாப் போகட்டும்,” என்றான் தம்பி. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு வெளியே போனான்.

தைக்கும்போது கட்டிக்கொள்ளும் மேலங்கி ஆணியில் தொங்கியது. அளவு நாடாவும் சாக்பீஸும் போட்டுவைக்க, வயிற்றோடு ஒட்டி அகலமாக ஒரு பை வைத்து அவளே தைத்தது. அதைக் கட்டிக்கொண்டு, பைக்குள் பஞ்சைப் பரப்பி, ஒன்பது முட்டைகளையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அதற்குள் அவரைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். உள்ளே குளிர்ந்தாலும், பெட்டியின் கால்மாட்டில் இருந்த மோட்டார் அனல் காற்றை வெளியே ஊதிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டிச் சூட்டைப் பார்த்துவிட்டு, அளவான தூரத்தில் உட்கார்ந்தாள்.

கொளுத்தும் வெயிலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“காய்ச்சலா?”

“அதிர்ச்சி. இப்படித்தான் குளிரும்.”

“எந்நேரமும் மனுஷனோட மல்லுக்கட்டிக்கிட்டே இருப்பா. இப்பப் பாரு.”

கட்டிப்பிடித்து அழ வந்தவர்களை அவள் கையை நீட்டித் தடுத்தாள். அது பலருக்குப் பிடிக்கவில்லை.

மதியம் நாத்தனார் வந்து சேர்ந்தாள். இறந்தவருக்குப் பத்து வயது மூத்த அக்கா. எருக்குழி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே இந்த வீட்டுக்கு வந்து, பை நிறையக் காய்கறியோடு திரும்புகிறவள். குளிர்பெட்டிக்குள் கிடந்த தம்பியின் முகத்தைக் கண்ணாடிக்கு மேலே தடவித் தடவி அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அதிகாரத்தைக் கையில் எடுத்தாள்.

“எழுந்திரு. முகத்தைக் கழுவிட்டு எதாவது ஒரு வாய் குடி.”

“எழுந்திருக்க முடியாது அக்கா.”

“கால் மரத்துப்போச்சா? கையைக் குடு.”

இழுத்த இழுப்பில் கம்பளி விலகியது. நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

“என்ன இது?”

“முட்டை.”

“முட்டைன்னு தெரியுது.”

“நாளைக்குப் பொரிக்கணும். பல்பு உடைஞ்சுபோச்சு.”

“மூணு தடவையா இவன் கட்டிக்கிட்டு அழுதானே, அதுவா?”

“ம்.”

நாத்தனார் என்னவெல்லாமோ சொல்லக்கூடியவள். ஆனால் கம்பளியை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டாள். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் சுவர் மாதிரி போட்டு உட்கார்ந்தாள். “யாரும் கிட்ட வராதீங்க. அவளுக்குக் காத்து வரட்டும்,” என்றாள். கம்பளிக்குள் இருப்பவளுக்கு எதற்குக் காற்று என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு எதிராக அந்தக் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இரண்டு மணி வாக்கில் வயிற்றோரம் ஏதோ லேசாகத் தட்டியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மறுபடியும் தட்டியது. ஓட்டுக்குள்ளிருந்து மெல்லியதாக ஒரு கீச். மோட்டார் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உடம்பு குலுங்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் மட்டும் வழிய அழுதாள். நல்லவேளை, சாவு வீட்டில் அழுவதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மகன் நாலரைக்கு வந்தான். அப்பாவின் பெட்டிமேல் விழுந்து அழுதுவிட்டு அம்மாவிடம் வந்தான். அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மடிக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. மகனும் சித்தப்பாவும் அவரைத் தூக்கி ஏற்றினார்கள். “வாம்மா,” என்றான் மகன். அவள் உட்கார்ந்தே இருந்தாள். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவரைக் கடைசி வரை கொண்டுபோய் விடாமல் இருக்க முடியாது. போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். மோட்டாரும் நின்றுவிட்டது.

“கழட்டு அதை,” என்றாள் நாத்தனார்.

“உங்க தம்பி அக்கா. நீங்க போகாம எப்படி?”

“அவனை இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான். நான் வரலைன்னு கோவிச்சுக்க மாட்டான். இதை விட்டுட்டு வந்தாத்தான் கோவிச்சுக்குவான். சீக்கிரம் கழட்டு, வண்டி நிக்குது.”

மேலங்கி கை மாறியது. பெரிய உடம்பு, நாடா முடிச்சுப் போட எட்டவில்லை. அவள் ஊக்கு குத்திச் சரிசெய்தாள். வருஷக்கணக்கில் மடங்காத முட்டியை மடக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் தரையில் உட்கார்ந்தாள்.

“எப்படிப் பிடிச்சுக்கணும்?”

“பிடிக்க வேண்டாம். அசையாம இருந்தா போதும்.”

வாசல் வழியாக வண்டி நகர்வதை நாத்தனார் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோதும் நாத்தனார் அதே இடத்தில், அதே திசை பார்த்து இருந்தாள். கம்பளிக்குள் வியர்த்து ஊற்றியது. “யாராவது ஒரு வாய் தண்ணி குடுங்க. இங்க இருந்தவங்ககிட்டக் கேட்டா, எழுந்து போய்க் குடிச்சுக்கோங்கன்னு சொல்றாங்க,” என்றாள்.

குளிர்பெட்டிக்காரர் பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார்.

“காலையில என்ன ஏதுன்னு கேக்காமப் பிடுங்கிட்டேன். அப்புறம் உங்க கொழுந்தனார் சொன்னாரு. எங்க ஷெட்டுல ஒண்ணு கிடந்துச்சு. எரியுதான்னு பாத்துட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்மா.”

குண்டு பல்பு. தம்பி மரப்பெட்டியைப் பழைய மூலைக்கே தூக்கி வந்தான். குளிர்பெட்டிக்காரர் பல்பை மாட்டி, தன்னுடைய பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மரப்பெட்டியின் பிளக்கை அவரே செருகினார். மூலையில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. அவள் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினாள். வெப்பமானி ஏறி நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஏழாவது முட்டையில், பென்சில் வட்டத்துக்குள் ஓடு நட்சத்திரமாக விரிந்து ஒரு சிறு துளை விழுந்திருந்தது.

மகன் உள்ளே படுத்திருந்தான். வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். நாத்தனார் மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அசையவே காணோமே. கொஞ்சம் உடைச்சு விட்டா என்ன?”

“கூடாது அக்கா. ஓய்வெடுக்குது. காலை வரைக்கும் ஆகும். நாம கை வெச்சா செத்துடும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவர் ஒரு தடவை உரிச்சுட்டார்.”

நாத்தனார் மறுபடியும் காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“காலையில அவர் எருக்குழிகிட்ட உக்காந்திருந்ததை ஜன்னல் வழியாப் பார்த்தேன் அக்கா,” என்றாள் அவள். “சும்மா உக்காந்திருக்கார்னு நெனச்சேன். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் போனேன்.”

காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு நாத்தனார் சிரமப்பட்டு நகர்ந்து, பெட்டிக்கு எதிரே அவளுக்கும் இடம் விட்டாள்.

“உக்காரு,” என்றாள்.

உட்கார்ந்தாள். துளை அப்படியே இருந்தது. விரல் தானாக அதை நோக்கிப் போனது. அவள் கையை இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.