அடுத்த வாரத்து மெழுகுவர்த்தி

கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு. கட்டுமாவடிக் கோயிலில் வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்திகளை ஏற்றும் வழக்கத்தில், இந்த வாரம் முறை ஜெசிந்தாவுக்கு வந்தது. நிறைமாதக்காரி ஏற்றட்டும் என்று உபதேசியார் சூசைராஜ்தான் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. புருசனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று பயம். போன வருடத்துப் பிள்ளையும் இப்படித்தான் ஒரு பகல் முழுக்க அசையாமல் கிடந்தது. பிறகு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

போன வாரத்து ஊதா மெழுகுவர்த்தியை முதலில் ஏற்றினாள். எரியும் திரியை இந்த வாரத்து ஊதாவை நோக்கி நீட்டினாள். ஆண்டவரே, ஒரே ஒரு உதை போதும், என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

விலாவில் சுரீரென்று விழுந்தது உதை. கை துள்ளியதில், அடுத்த ஞாயிற்றின் மகிழ்ச்சிக்கென்று வைத்திருந்த ரோஸ் மெழுகுவர்த்தி பற்றிக்கொண்டது.

உபதேசியார் பதறி அருகில் வந்தார். "அது அடுத்த வாரத்துக்கும்மா. அணைச்சிருங்க."

ஜெசிந்தா வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் ஏத்தலீங்க உபதேசியாரே. உள்ள இருக்குறது ஏத்திருச்சு. நான் எப்படி அணைக்கிறது?"