வாகிமினின் ரத்தத்தில் மஞ்சள் இல்லை

1

இந்தக் கதை பக்கத்துக் கட்டிலில் கிடந்தது, நான் எடுத்துக்கொண்டேன். ஜாவாவின் சோலோ நகரில் மஞ்சள் மாத்திரை ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்திருக்க வேண்டும். மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்து, மஞ்சளின் சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எனக்கு நிறையச் சேர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ரிக்‌ஷாக்காரர் வாகிமினுக்கு ஒன்றுமே சேரவில்லை.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'மனித உடல் ஒரு விசித்திரமான வாசல், அதில் எது நுழையும், எது'

(வேண்டாம். ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற ஆளுக்கு மனித உடலைப் பற்றி என்ன பேச்சு?)

2

வாகிமினின் மனைவி துகினெம் தெருத்தெருவாக ஜாமு என்கிற மூலிகைச் சாறு விற்பவள். மஞ்சளும் புளியும் அரைத்துக் கரைத்து ஊற்றிய புட்டிகள் எப்போதும் அவள் முதுகுக் கூடையில் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து முதல் தம்ளர் புருஷனுக்குத்தான். ஆராய்ச்சி முடியும்வரை, இரண்டு வாரம், அவர் அதைத் தொடக்கூடாது என்று டாக்டர் எண்டா தடை போட்டிருந்தார்.

முதல் பரிசோதனை முடிவைக் கேட்டதும் துகினெம் விம்மி விம்மி அழுதாள்.

(பொய். அழவைத்தால் நீங்கள் இரங்குவீர்கள் என்று பார்த்தேன். நடந்தது கீழே.)

"மாத்திரையில எவ்ளோ மஞ்சள் இருக்கு டாக்டரம்மா?"

"உங்க ஜாமு பத்துத் தம்ளருக்குச் சமம்."

"பத்துத் தம்ளரே சேரலைன்னா நான் குடுத்த ஒரு தம்ளர்? இத்தனை வருஷமா யாருக்கு அரைச்சேன்? சோலோ ஆத்து மீனுக்கா?"

"வயித்துல ஏதாவது வேலை செஞ்சிருக்கும். மஞ்சள் ரத்தத்துல ஏறுறது கஷ்டம். ஏறினாலும் ஈரல் உடனே வெளிய தள்ளிடும்."

"என் தங்கச்சி அரைக்கிற மிளகாய்ச் சம்பல் மட்டும் ஒட்டுது, நான் அரைச்சதைத் தள்ளுதா?" என்று புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏன் மாஸ், உங்க ஈரலுக்கு என் மேல என்ன கோவம்?"

வாகிமின் தன் வயிற்றைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

"அடுத்த தடவையும் ஒண்ணுமில்லைன்னு வரட்டும். இனி உங்களுக்கு அரைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

3

இரண்டாம் முறை ரத்தம் எடுக்கும் நாளில் வாகிமின் என் காதருகே வந்தார். (இங்கே 'பாக்' என்றால் ஐயா.)

"பாக், நீங்கதானே எழுதுறீங்க? என் ரத்தத்துல கொஞ்சம் மஞ்சள் போட்டுடுங்களேன்."

"உங்க ரத்தத்துல நான் எப்படிப் போடுறது?"

"கதையில போடுங்க. அவ படிப்பா."

மனசு கேட்கவில்லை, போட்டுப் பார்த்தேன்.

முடிவு அ: மிளகு சேர்ந்தால் மஞ்சள் ரத்தத்தில் ஏறும் என்று டாக்டர் வாய்தவறிச் சொல்ல, வாகிமின் ஒரு கைப்பிடி மிளகை மெல்லுகிறார். ஊசி இறங்கும் நேரத்தில் தும்முகிறார், ஊசி டாக்டரின்

(இதற்கு மேல் எழுதினால் கேஸ் ஆகிவிடும்.)

முடிவு ஆ: என் ரத்தக்குப்பியும் அவர் குப்பியும் இடம் மாறுகின்றன. துகினெம் பூரித்துப்போகிறாள். ஆனால் அந்த மஞ்சள் சேர்ந்தது என் உடம்பில் என்றால், முதல் தம்ளர் எனக்கல்லவா வர வேண்டும்? என் மனைவியும் இதைப் படிப்பாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

4

பரிசோதனை முடிவு தெரியும் நாளில் துகினெம் கூடையோடு வந்தாள். நான் எழுதியதை வாங்கிப் படித்தாள்.

"உங்க மஞ்சள் எனக்கு வேணாம் பாக்" என்று காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "ரெண்டு வாரமா குடிக்கல. உடம்புக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

(நான் அவர் காலை மிதித்தேன். எழுத்தாளனால் முடிந்தது அவ்வளவுதான்.)

"உடம்புக்கு ஒண்ணும் பண்ணல" என்றார் மறுபடியும். "ஆனா காலையில நீ முன்னாடி நின்னு, 'அடிவண்டலோட குடிங்க'ன்னு திட்டல. பொழுதே விடியாத மாதிரி இருந்துச்சு."

துகினெம் புட்டியைத் திறந்து ஒரு தம்ளர் ஊற்றினாள். ஆனால் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். அவருடைய கை பாதி நீண்டு நின்றது. டாக்டர் எண்டா முடிவோடு உள்ளே வந்து வாயைத் திறந்தார்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவர் ரத்தத்தில் மஞ்சள் எவ்வளவு என்பதை வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். பூஜ்யம் என்றும் தாராளமாகச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அப்படிச் சொல்கிறவர், நேரே போய் துகினெமின் கையிலிருந்து அந்தத் தம்ளரைத் தானே வாங்கிக் கீழே ஊற்ற வேண்டும். நான் போக மாட்டேன்.