எண்பத்து நான்கு சதவீதம்

லூர்துசெல்வியின் போன் இருக்கிறதே, அதன் பசி அடங்கவே அடங்காது. காலையில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கொட்டச்சேடு காப்பி எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்குப் போனால், மதியச் சோற்றைப் பிரிப்பதற்குள் இருபதில் வந்து நிற்கும். அவள் அதில் பாட்டுக் கேட்பதில்லை, படம் பார்ப்பதில்லை. இடது கையில் ஒட்டியிருக்கும் வட்டச் சென்சார் சில்லிலிருந்து சர்க்கரை அளவை நிமிடத்துக்கு நிமிடம் வாங்கி வைப்பதுதான் அதற்கு வேலை. மிச்ச நேரத்தில் மலைச்சரிவில் இல்லாத டவரைத் தேடி அலையும்.

அந்தப் போனை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. சர்க்கரைக்கு இன்சுலின், தைராய்டுக்கு மாத்திரை. போதாக்குறைக்கு நாற்பத்தேழு வயதில் மாதவிலக்கு நிற்கிற கூத்து. திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். சர்க்கரை இறங்கினாலும் அதே வியர்வை, அதே படபடப்பு. இது ஹார்மோனா சர்க்கரையா என்று அவளுக்குப் பிடிபடுவதேயில்லை. உடம்பு சொல்வதை நம்பாதீர்கள், போன் கத்தினால் உடனே இனிப்பைச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் மயங்கி விழுவீர்கள் என்று சேலத்து டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். சொந்த உடம்பை விட்டுவிட்டு ஒரு போனை நம்ப வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம்பித் தொலைக்கலாம் என்றால் அது சாயங்காலம் வரை உயிரோடு இருந்தால்தானே? திரை வெளிச்சத்தைக் குறைத்தாள். வெயிலில் எண் தெரியவில்லை. விமான மோடில் போட்டாள்; சார்ஜ் இறங்காமல் நின்றது, ஆனால் மேனேஜர் மூன்று முறை கூப்பிட்டுக் கிடைக்காமல் எல்லார் முன்னாலும் கத்தினார். பவர் பேங்க் வாங்கினாள். மழையில் இரண்டு நாள் கரண்ட் போனதும் அதுவும் கை விரித்தது. தினமும் வீட்டுக்கு வந்து ஜீப் ஓட்டும் புருஷன் ஏசுராஜிடம் புலம்பித் தீர்த்தாள்.

டிசம்பரில் ஒரு நாள், காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கிற சமயம், மதியம் இரண்டு மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தவளுக்குக் கண்ணையே நம்ப முடியவில்லை. எண்பத்து நான்கு சதவீதம். பழம் பறிக்கும் பாவாயியிடம் காட்டிச் சிரித்தாள். எந்தச் சாமி கண் திறந்ததோ என்று பாவாயியும் சிரித்தாள்.

மூன்று மணிக்குப் பெண்கள் மூட்டைகளோடு தராசு முன்னால் வரிசையாக நின்றார்கள். பனி இறங்கத் தொடங்கிய குளிரில் லூர்துசெல்விக்கு முதுகெல்லாம் வியர்த்தது. சர்க்கரையாக இருந்தால் போன் கத்தியிருக்குமே, இது அந்த ஹார்மோன் சனியன்தான் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டையை வைக்கச் சொன்னாள். தராசின் முள் இரண்டாகத் தெரிந்தது. அடுத்து அவள் அறிந்தது, தலை பாவாயியின் மடியில் கிடந்ததும் வாயில் சர்க்கரைத் தேத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததும்தான்.

தெளிந்ததும் போனை எடுத்தாள். சர்க்கரை ஆப் மூடிக் கிடந்தது. திறந்ததும், அதுவரை சில்லில் தங்கியிருந்த அளவுகள் எல்லாம் கோடாக வந்து விழுந்தன. அவள் பாவாயியிடம் காட்டிச் சிரித்த நேரத்தில் சர்க்கரை அறுபத்தொன்று. தராசு முன்னால் நாற்பத்து மூன்று. எழுபதுக்குக் கீழே போனதுமே கத்தியிருக்க வேண்டிய போன் வாயே திறக்கவில்லை.

நாலரை மணிக்கு மூட்டை ஏற்ற ஜீப்போடு வந்த ஏசுராஜ், ஆப்பை மூடியது யார் என்று அவள் கேட்டதற்குப் பெருமையாகவே பதில் சொன்னான்.

"காத்தால நாந்தான் புள்ள அமத்தி வெச்சேன். சார்ஜ நொம்பத் திங்கறது அந்த ஆப்புதான்னு லிஸ்ட்டுலயே போட்டிருந்துச்சு. எறக்கத்துல எஞ்சின அமத்தறதாட்டம்தான்."

மலைப்பாதை இறக்கத்தில் ஜீப்பை அணைத்து உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஏற்காட்டில் ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இவளிடமும் காட்டிவிட்டான். லூர்துசெல்விக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் ஏறியது. கேட்காமல் எப்படிக் கை வைக்கலாம், அது கத்துவதை நம்பித்தானே நான் நடமாடுகிறேன் என்று, இருபது பேர் பார்க்க, வாழ்நாளில் முதன்முறையாகப் புருஷனிடம் குரலை உயர்த்தினாள்.

ஏசுராஜ் சுற்றிலும் பார்த்தான். பிறகு குழந்தையைச் சமாதானம் செய்கிற குரலில் சொன்னான்.

"சுகரு எறங்கிப்போச்சாட்ட இருக்குது. அதான் இப்புடிப் பேசற. மொதல்ல எதாச்சும் தின்னு."

பெண்கள் ஆமோதிப்பதுபோலத் தலையாட்டினார்கள். ஒருத்தி அவசரமாக ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள்.

லூர்துசெல்விக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. போனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நூத்தியிருவத்தாறுங்க. சுகரு நல்லாத்தான் இருக்குது. இது என்ற சொந்தக் கோவம். நின்னு கேளுங்க."