கிளம்புகிறேன்

மத்தியானப் பேருந்து சில்வியோவின் காப்பிக்கடை வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் மெர்வின் மேடைக்கு வந்தாக வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இதுதான் வியாபாரம். ஒஹையோவிலிருந்தும் அயோவாவிலிருந்தும் வருகிறவர்கள் பாலத்தைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள், பிறகு கவிஞர்கள் கூடும் நார்த் பீச் பகுதிக்கு வந்து, தாடியும் கலகப் பேச்சுமாக 'பீட்' என்று பேர் வாங்கிய கவிஞர்களில் ஒருவனைப் பார்ப்பார்கள். சில்வியோவின் கடையில் பார்க்கக் கிடைத்தவன் மெர்வின்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் 'கிளம்புகிறேன்' என்று ஒரு கவிதை எழுதினான். நெப்ராஸ்காவில் அப்பாவின் சோளப்பண்ணையை விட்டு, விடியும் முன்னே சொல்லாமல் ஓடிவந்த கதை. ஆபாசம் என்று போலீஸ் அதை வெளியிட்ட சிறுபத்திரிகையை அள்ளிக்கொண்டு போனது. வழக்கில் பத்திரிகை ஜெயித்தது. மெர்வின் பெயர் ஊரெல்லாம் பரவியது. சில்வியோ கூப்பிட்டு மாடியில் ஓர் அறை கொடுத்தார், சாப்பாடும் போட்டார். பதிலுக்குத் தினமும் அந்தக் கவிதையைப் படிக்க வேண்டும். தாடியை எடுக்கக் கூடாது.

"ஓடிப்போறதப் பத்தி எழுதிட்டு, நாலு தெரு தாண்ட மாட்டேங்கிறியே" என்பாள் தெல்மா. ஓவியம் வரைகிறவள், அவனோடு அந்த அறையில் இருந்தவள். சியாட்டிலில் சிநேகிதி ஒருத்தி அவர்கள் குடியிருக்கப் பழைய படகுக்கொட்டகை பார்த்து வைத்திருந்தாள். "வர்றியா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."

"புதுசு ஒண்ணு வச்சிருக்கேன். இங்கயே படிச்சிப் பாக்கறேன்" என்றான்.

எதிர்த்தெருவில் சட்டை தேய்க்கும் சீனக் கிழவரைப் பற்றிய கவிதை அது. கத்தல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தான். மறுநாள் கூட்டத்தின் முன்னால் அதைத்தான் எடுத்தான். பாதியிலேயே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பூப்போட்ட தொப்பிக்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"தம்பி, இது வேணாம்ப்பா. அந்தக் கத்துற கவிதை இருக்குல்ல, அதச் சொல்லு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். மெர்வின் காகிதத்தை மடித்தான், 'கிளம்புகிறேன்' கவிதையைக் கத்திவிட்டு மாடிக்குப் போனான். கத்திரிக்கோலையும் சவரக்கத்தியையும் எடுத்துத் தாடியை வழித்துப் போட்டான். கண்ணாடியில் அப்பாவின் தாடை தெரிந்தது.

"அப்பாடா!" என்றாள் தெல்மா. அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்கினாள்.

மறுநாள் இருவரும் பெட்டியோடு இறங்கி வந்தார்கள். சில்வியோ ரகளை செய்வார் என்று மெர்வின் நினைத்திருந்தான். அவரோ அவன் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

"நல்லாத்தான்டா இருக்கே. போய்ட்டு வா. ஆள் பாத்துட்டேன்."

மேடையில் டுவைட் நின்றிருந்தான். நாடகத்தில் வேஷம் கிடைக்காத நடிகன். ஒட்டுத் தாடி வைத்துக் கறுப்புச் சட்டை போட்டிருந்தான். பேருந்துக் கூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது. டுவைட் தொடங்கினான், 'கிளம்புகிறேன்!'

நல்ல குரல். கூட்டம் அப்படியே அசையாமல் இருந்தது. மெர்வின் பெட்டியைக் கீழே வைத்தான்.

"வா, மெர்வ். வண்டி போயிடும்" என்றாள் தெல்மா.

"இரு."

கவிதையின் நடுவில் ஒரு வரி வரும்: 'அப்பா, கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன்.' அது பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியது. டுவைட் அதை மேஜையில் குத்திக் கத்தினான். கைதட்டல் எழுந்தது.

"அப்படி இல்ல!" என்று மெர்வினே அறியாமல் வாயில் வந்துவிட்டது. "அது மெதுவா சொல்ற வரி!"

முன்னால் இருந்த வழுக்கைத் தலைக்காரர் திரும்பிப் பார்த்தார். "சும்மா இருப்பா. இதெல்லாம் ஒனக்குப் புரியாது. பாங்க் குமாஸ்தா மாதிரி இருந்துக்கிட்டு."

"நான் எழுதினதுய்யா அது."

கடையே சிரித்தது. டுவைட்கூட ஒட்டுத் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

தெல்மா அவன் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்தாள். வெளியே வெயில் அடித்தது. தெருக்கோடியில் வாடகைக்கார் நின்றிருந்தது.

"நாளைக்கும் அவன் இப்படித்தான் படிப்பான்" என்றான் மெர்வின்.

"படிக்கட்டுமே! ஒனக்கென்ன?"

"எங்க அப்பா தெல்மா அது. அவரப் போயி மேஜையில குத்தறான்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை விட்டாள். "ஒன்ன யாரும் கட்டிப் போடலடா" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை திரும்பாமல் நடந்தாள்.

கார் போன பிறகும் மெர்வின் அங்கேயே நின்றான். ஓடிப் பிடித்திருக்கலாம். உள்ளே மறுபடி கைதட்டல் கேட்டது.

சில்வியோ வாசலுக்கு வந்தார். மாடிச் சாவியையும் சமையலறையில் கட்டும் ஏப்ரன் துணியையும் நீட்டினார். "தாடி வளர்ற வரைக்கும் தட்டு கழுவு."

மழைக்காலம் முடிவதற்குள் தாடி வளர்ந்துவிட்டது. டுவைட் லாஸ் ஏஞ்சலஸில் வேஷம் கிடைத்துப் போனான். மெர்வின் பழைய இடத்தில் நின்றான். அந்த வரியை மெதுவாகச் சொன்னான், அவன் நினைத்திருந்தபடியே. பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்:

"சத்தமா சொல்லுப்பா, கேக்கல!"