நாற்பத்தேழு ஓம்

பூபதிராஜாவைப் பார்த்தாலே யோகப்பிரியாவுக்கு வயிறு எரியும். கொழிஞ்சாம்பாறை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு மாடியறையில் நடக்கும் எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்புக்கு அவள் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. எல்.இ.டி.யின் நீளக் கால் எந்தப் பக்கம், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் அளவை அதன் வண்ணக் கோடுகளில் எப்படிப் படிப்பது, எல்லாம் தேதி போட்டு நோட்டில் இருந்தன. பூபதி எருத்தேன்பதியில் மைக்செட் கட்டுகிறவன். அதே வகுப்புக்கு நோட்டே கொண்டுவர மாட்டான். ஒயரைப் பல்லால் உரித்து, தொட்டு வைப்பான், விளக்கு எரிந்துவிடும். அவளோ மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் மாட்டுவாள்.

அன்றைக்கு ஒரே ஓர் இடத்துக்குப் போட்டி. கஞ்சிக்கோட்டில் விளக்குப் பலகை செய்யும் தொழிற்சாலை ஒன்று இந்த வகுப்பிலிருந்து ஒருவரைப் பயிற்சிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. கிடைத்தால், ஜெராக்ஸ் கடையில் நாள் முழுதும் நின்று கால் வீங்க வேண்டியதில்லை. கடைசியில் மிஞ்சியது இவர்கள் இருவர்.

பாடம் நடத்துவது பிலோமி டீச்சர், மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்தவர். "ஒம்பது வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர். கணக்கப் போட்டுட்டு மாட்டுங்க. கால் மணி நேரம் நின்னு எரியணும், அம்புட்டுதான்" என்றார்.

ஒன்பதில் எல்.இ.டி.க்கு இரண்டு போனால் ஏழு. அதை இருபது மில்லி ஆம்பியரால் வகுத்தால் முந்நூற்றைம்பது ஓம். டீச்சர் வைத்த உதிரிபாகத் தட்டில் அதற்கு மேலே இருந்தது நானூற்றெழுபதுதான். மஞ்சள், ஊதா, பழுப்புக் கோடுகள். மாட்டினாள், எரிந்தது.

பூபதி உள்ளங்கையில் கணக்குப் போட்டு முடித்து மாட்டினான். அவனுடையது பளீரென்று எரிந்தது. சுவரிலேயே சிவப்பாக வட்டம் விழுந்தது.

"ஏம்புள்ள யோகா, உன்ற வெளக்கு வெரதம் இருக்குதா? சோறு கண்ட மாதிரியே இல்ல!"

"உன்ற சோலியப் பாரு" என்றாள்.

ஆனால் கண் அந்த வட்டத்தை விட்டு நகரவில்லை. தன் கணக்கில்தான் எங்கோ பிசகோ? மைக்செட்காரனுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று இருக்க வேண்டும். ஓம் குறைந்த சின்ன ரெசிஸ்டராகப் போட்டு, மின்சாரத்தைக் கூடப் பாய விட்டிருப்பான். சின்னதைப் போட்டால் பொசுங்கிவிடும் என்று அவள் நோட்டே சொல்லியது. அவனுக்குப் பொசுங்கவில்லையே!

போன் வந்து டீச்சர் வாசலுக்குப் போனார். யோகப்பிரியா நானூற்றெழுபதைப் பிடுங்கிவிட்டு நாற்பத்தேழைச் செருகினாள். மஞ்சள், ஊதா, கறுப்புக் கோடுகள். அவள் விளக்கும் பளீரென்றது. மூன்று நிமிடம் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு சிவப்பு மங்கி, லேசாகத் தீய்ந்த வாடை வந்து, அணைந்தது.

டீச்சர் திரும்பி வந்து நோட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான இருக்கு. பெறகு எதுக்கும்மா நாப்பத்தேழு?"

"அவன் மட்டும் என்னத்தப் போட்டானாம்?"

"எல்லாரும் போடுற நானூத்தெழுபதுதான்" என்று பூபதி பலகையை நகர்த்திக் காட்டினான். பழுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. அவன் எடுத்த எல்.இ.டி.தான் வேறு, வெளிச்சத்தைக் குவித்துப் பாய்ச்சும், கண்ணாடிபோலத் தெளிந்த முனை. அவளுடையது வெளிச்சத்தைப் பரப்பி மங்கலாகக் காட்டும் பால்படிந்த முனை. அதே தட்டில் இரண்டு வகையும் கலந்து கிடந்திருக்கின்றன.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: "டீச்சர், இந்த டியூப்லைட்டுல பழுப்பும் கறுப்பும் ஒண்ணாத்தானுங்க தெரியுது. கை மாறி எடுத்திருக்கும். இன்னொருக்கா போடட்டுமுங்க."

டீச்சர் அரை மனதாகத் தலையசைத்தார். "அப்படியாம்மா?"

ஆமாம் என்றால் போதும், இன்னொரு வாய்ப்பு. ஆனால் அது அவன் போட்ட பிச்சையாகிவிடும். கஞ்சிக்கோட்டுக்குப் போகும் பஸ்ஸில் தினமும் அது உடன் வரும்.

"இல்லீங்க டீச்சர். கோடு நல்லாத் தெரிஞ்சுதுங்க. அவனுது என்னுதவிடப் பிரகாசமா எரிஞ்சுது. பொறுக்காம நாந்தான் மாத்துனனுங்க."

டீச்சர் பயிற்சிக்கான தாளில் பூபதியின் பெயரை எழுதினார்.

யோகப்பிரியா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "டீச்சர், அந்தத் தெளிஞ்ச முனை எல்.இ.டி. எனக்கும் ஒண்ணு வேணுங்க. என்ற நானூத்தெழுபதோட மாட்டிப் பாக்கோணும். இப்பவே."