மாணவர் உடைப்பார்

பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய பாடம் நடந்து போகவேண்டிய தூரம் அதிகம். துறை பார்க்கும், பாடத்திட்டக் குழு பார்க்கும், கடைசியில் கல்விப் பேரவை கைதூக்கும். அதன்பிறகுதான் பாடத்துக்கு ஓர் எண் கிடைக்கும். எண் இல்லாத பாடம் பிறக்காத பிள்ளை மாதிரி. பெயர் வைத்துக் கொஞ்சலாம், பள்ளிக்கு அனுப்ப முடியாது.

பொறியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருந்த பெண் எழுதிய பாடம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. பாலம், கரண்டிக் காம்பு, பேருந்தின் அச்சு என்று பொருள்கள் ஏன் உடைகின்றன, எங்கே உடைகின்றன என்பதுதான் பாடம். மூன்றாவது முறையும் திரும்பினால் அவருக்கு வேலை போய்விடும். அடுத்த ஆண்டுக்குச் சொந்தப் பாடம் இல்லாத தற்காலிக ஆளுக்கு ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள்.

தடுத்தவர் ஒரே ஒருவர், கணிதத் துறையின் மூத்த பேராசிரியர். வளாகம் முழுக்க அவருக்குப் பெயர் 'திருத்தம்'. கெட்ட மனிதர் அல்லர். ஒவ்வொரு பாடத்தின் முதல் பக்கத்திலும், இதைப் படித்து முடித்த மாணவர் என்ன செய்வார் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் வினைச்சொல்லைத்தான் அவர் பார்ப்பார். 'புரிந்துகொள்வார்' என்று இருந்தால் திருப்பிவிடுவார். ஒருவர் புரிந்துகொண்டதை வெளியே இருந்து எப்படிப் பார்ப்பது? பார்க்க முடியாததற்கு எப்படி மதிப்பெண் போடுவது? யோசித்தால் நியாயமான கேள்விதான். அடுத்த முறை விரிவுரையாளர் 'உணர்வார்' என்று மாற்றிக் கொடுத்தார். உணர்வதற்கு இது என்ன காதலா என்று பேரவையில் கேட்டாராம்.

அன்று மாலை வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே விரிவுரையாளர் மிச்சமிருந்த வினைச்சொற்களை ஒப்பித்தார். அறிவார், தெளிவார், ஆராய்வார். துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் கார் ஓட்டக் கற்றுத்தருபவள். கிளட்ச்சைப் புரிந்துகொண்டாயா என்று தான் யாரையும் கேட்பதில்லை என்றாள். மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எடுக்கிறார்களா என்றுதான் பார்ப்பாளாம்.

"சரி அண்ணி, உங்க பிள்ளைங்க கிளாஸ்ல என்னதான் செய்வாங்க?"

"உடைப்பாங்க."

"அதை எழுத என்ன வெக்கம்?"

வெட்கம்தான். பெரியவர்கள் கூடும் சபையில் 'மாணவர் உடைப்பார்' என்றால் நன்றாகவா இருக்கும்? ஆனாலும் அந்தச் சொல் அவரை விடவில்லை. டம்ளரைக் கைநழுவ விடுபவரும் உடைக்கத்தான் செய்கிறார். இங்கேதான் உடையும் என்று முதலில் சொல்லிவிட்டு அங்கேயே உடைக்கத்தான் படிப்பு வேண்டும். அப்படியே எழுதினார்: 'ஒரு பொருள் உடையப்போகும் இடத்தை மாணவர் முன்கூட்டியே குறித்து, அதே இடத்தில் உடைப்பார்.'

பேரவையில் துணைவேந்தர் இந்த வரியை வாசித்ததும் மேசையின் இரண்டு பக்கமும் சிரிப்பு எழுந்தது. எங்கள் விடுதிப் பையன்கள் இதைப் பட்டம் வாங்காமலே செய்கிறார்கள் என்றார் விடுதிக் காப்பாளர். திருத்தம் மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைக் கழற்றினார்.

"வினைச்சொல் சரி. ஆனா எங்க உடையும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?"

விரிவுரையாளர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தன் நிகழ்ச்சிநிரல் தாளிலிருந்து நீளமான ஒரு பட்டையை வெட்டினார். அதன் நீளவாட்டு ஓரம் ஒன்றிலிருந்து உள்நோக்கி, சற்று இடைவெளிவிட்டு இரண்டு வெட்டுகள் போட்டார். இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் எத்தனை துண்டாகும் என்று கேட்டார். மூன்று என்றது சபை.

"ரெண்டுதான் சார். இடது வெட்டுல மட்டும் கிழியும்."

இழுத்தார். சொன்னபடியே கிழிந்தது.

கண்ணுக்கு இரண்டு வெட்டும் ஒரே அளவு. உண்மையில் இடது வெட்டு மயிரிழை ஆழம் கூட. இழுவிசை ஆழமான வெட்டின் நுனியில்தான் அதிகமாகக் குவியும். அங்கே கிழியத் தொடங்கியதும் மிச்சக் காகிதம் குறுகும். குறுகக் குறுக இன்னும் எளிதாகக் கிழியும், இன்னொரு வெட்டுக்கு வேலையே வராது. பாலத்திலும் கீறல்கள் நிறைய இருக்கும், அதைச் சாய்ப்பது ஒன்றுதான் என்று விளக்கினார். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடம்.

அதற்குள் கத்தரிக்கோல் கைமாறத் தொடங்கியிருந்தது. நிதி அலுவலர் தன் அறிக்கையையே வெட்டிவிட்டார். ஒருவருக்கும் மூன்று துண்டு வரவில்லை. வெட்டுகளை அளவுகோல் வைத்துப் போட்ட திருத்தத்துக்கும் வரவில்லை.

"ரெண்டும் கிழியவே கிழியாதா மேடம்?"

"கிழியும் சார். நடுத்துண்டை அசையாம புடிச்சுக்கணும்."

"எனக்கு ரெண்டு கைதானே இருக்கு."

"வாய் இருக்கே சார்."

திருத்தம் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து நடுத்துண்டைப் பல்லால் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். இரண்டு வெட்டும் கிழிந்தன.

துணைவேந்தர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார். முதலில் உயர்ந்தது திருத்தத்தின் கை. விரலிடுக்கில் ஒரு துண்டு, பல்லிடுக்கில் இன்னொன்று. பின்னாலேயே மேசை முழுக்கக் கைகள் எழுந்தன. எதிர்ப்பு யாருக்காவது உண்டா என்று கேட்டதற்குக் காகிதம் கிழியும் சத்தம் மட்டும்தான் பதில்.

பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் பாடத்துக்கு எண் போட்டுவிட்டுக் கால அட்டவணையை விரித்தார். தற்காலிக ஆட்களுக்கு வருவது மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய நேரம், அதாவது சாப்பாட்டுக்குப் பின் பாதி வகுப்பு தூங்கிவழியும் நேரம். சொந்தப் பாடம் உள்ளவர்களை மட்டும் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும்.

"உங்களுக்கு எந்த நேரம் வேணும் மேடம்?"

இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. அவர் கட்டங்களை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்து ரசித்துவிட்டு, காலையின் முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது. பக்கத்து ரூம்காரங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க, சத்தம் வரும்."